வேடந்தாங்கல் கரையில் நீர்வண்ணம் காயவில்லை, வழி சொல்லுங்கள்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 26 பேர். ஜனவரியில் இரண்டு சனிக்கிழமை, காலை 6.45 முதல் 8.30 வரை ஏரிக்கரையில் வரைந்தார்கள். முதல் பூச்சு 25 நிமிடமாகியும் காயவில்லை. அதன்மேல் நீர்க்கடம்பு மரத்தின் கரும்பச்சையை வைத்ததும் பரவி, வெள்ளையாக விட்டுவைத்த நாரைகளுக்குள் புகுந்துவிடுகிறது. ஓரமெல்லாம் காலிபிளவர் போலத் திட்டு.

தாள் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) கார்ட்ரிட்ஜ் வரைதாள், ஏ4, பரீட்சை அட்டையில் கிளிப் போட்டது. 12 நிற வண்ணக் கட்டிகள், 8ஆம் எண் உருண்டைத் தூரிகை. இதே தாள் வகுப்பறையில் மின்விசிறிக்கடியில் ஏழு நிமிடத்தில் காய்கிறது. அதனால் பனி ஈரம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

தண்ணீரைக் குறைத்துப் பார்த்தோம், வானம் கோடு கோடாக வந்தது. பருத்தித் துணியால் ஒற்றினால் நிறம் வெளுத்து, தாளின் மேல்தோல் பஞ்சாக எழும்புகிறது. 300 ஜிஎஸ்எம் தாள் நெளியவில்லை. ஆனால் நீரைக் குடித்துக்கொண்டு இன்னும் மெதுவாகக் காய்ந்தது. வெள்ளை மெழுகு கிரேயானால் நாரையை முதலிலேயே மூடினோம். பறவை தப்பியது, ஆனால் அலகின் மஞ்சள் அதன்மேல் ஒட்டவே இல்லை.

ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் காயும். அதற்குள் பல பறவைகள் இரை தேடிப் போய்விடும், தண்ணீரும் கண்ணைக் கூசும். பிள்ளைகள் கூட்டைப் பார்த்து வரைய வேண்டும் என்பதால் நேரத்தை மாற்ற மனமில்லை. கரையில் மின்சாரமும் கிடையாது.

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை மறுபடி போகிறோம். இந்த ஈரக்காற்றிலும் 15 நிமிடத்தில் இரண்டாம் பூச்சு வைக்க எந்த முறையைச் சொல்லிக்கொடுக்கலாம்?