நீங்கள் செய்ததை யாராவது நின்று பார்த்தார்களா?

பதின்ம வயதில் வரைந்துகொண்டோ எழுதிக்கொண்டோ ஏதாவது வாசித்துக்கொண்டோ இருந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அப்போது உங்கள் வேலையை ஒருவர் உண்மையாகவே நின்று பார்த்த சம்பவம் இருந்தால் எழுதுங்கள். பாராட்டைக் கேட்கவில்லை. பாராட்டு எல்லாருக்கும் கிடைத்திருக்கும். "சூப்பர்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது 14 வயது. நோட்டுகளின் கடைசிப் பக்கமெல்லாம் மனிதர்களாக இருக்கும். நிற்பவர்கள், நடப்பவர்கள், சுவரில் சாய்ந்திருப்பவர்கள். ஒரு விடுமுறை ஓவிய வகுப்புக்கு வந்த ஓவியர் அக்கா ஒருவர் என் நோட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்து நிமிஷமாவது இருக்கும். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: "ஏன் எல்லாரும் கையைப் பாக்கெட்டுக்குள்ளேயே வெச்சிருக்காங்க?"

பாக்கெட்டில் கை வைக்காதவர்கள் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். மிச்சப் பேர் மரத்துக்கோ நாற்காலிக்கோ பின்னால் நின்றார்கள். எனக்குக் கை வரைய வராது. அதை எனக்கே தெரியாமல் நான் மறைத்து வந்திருக்கிறேன்.

அக்கா திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. தன் இடது கையை மேஜைமேல் விரித்து வைத்து, "விரலை வரையாதே. விரலுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை மட்டும் வரை" என்றார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சாய்ந்த முக்கோணம் மாதிரி ஒன்று. மற்ற மூன்றும் ஒல்லியான ஆப்பு மாதிரி. நான்கையும் போட்டு முடித்துப் பார்த்தால் விரல்கள் தாமாகவே அங்கே நின்றன! விரல் என்றவுடன் மனசில் ஏற்கெனவே இருக்கிற விரல் பொம்மையைத்தான் பென்சில் போட்டுவிடுகிறது. இடைவெளிக்கு மனசில் பொம்மை எதுவும் கிடையாது. அதனால் கண் பார்த்தே ஆக வேண்டும்.

அன்றைக்கே ஒரு படமும் காட்டினார். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1484இல், 13 வயதில், கண்ணாடியைப் பார்த்து வரைந்த தன்னுருவம். மெல்லிய வெள்ளிக் கம்பியின் முனையால் இழுத்த கோடுகள். அதில் தப்புப் போட்டால் அழிக்க முடியாது. ஒரு கை விரலை நீட்டிக்கொண்டிருக்கிறது, இன்னொரு கை சட்டையின் கைப்பகுதிக்குள் மறைந்திருக்கிறது. அதே ஆள்தான் 1508 வாக்கில் 'கூப்பிய கைகள்' என்ற புகழ்பெற்ற படத்தை வரைந்தவர். இரண்டு படமுமே இன்றைக்கு வியன்னாவின் அல்பர்டினா அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. "நடுவில் 24 வருஷம்" என்று மட்டும் சொல்லி அக்கா அந்தப் புத்தகத்தை மூடினார்.

இப்போது சனிக்கிழமைகளில் நானே பிள்ளைகளோடு உட்கார்கிறேன். நோட்டைக் கையில் வாங்கியதும் ஏதாவது சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு பார்ப்பது இன்னும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சரி, நீங்கள் சொல்லுங்கள்.

மறுமொழி:

எனக்குக் களிமண். 16 வயதில் ஒரு ஜாடி செய்தேன், மண்ணைக் கயிறாகத் திரித்து வட்டம் வட்டமாக அடுக்கி. மூன்று வாரம் ஆயிற்று. சூளையில் வெடித்துவிட்டது. என்னுடையது மட்டும் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு பேருடைய பாத்திரங்களையும் உடைத்துவிட்டது. "மண்ணைச் சரியாகப் பிசையவில்லை, காற்றுக் குமிழி இருந்திருக்கும்" என்று எல்லாரும் சொன்னார்கள். நான் அந்தப் பக்கமே இனிப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

சொல்லிக்கொடுத்த ஐயா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உடைந்த சில்லுகளையெல்லாம் ஒரு தட்டில் கொட்டினார். "வா, இது எங்கிருந்து கிளம்பியதென்று பார்ப்போம்" என்றார். ஒரு மணி நேரம் சில்லோடு சில்லைப் பொருத்திப் பார்த்தோம். பக்கச் சுவரெல்லாம் பெரிய பெரிய துண்டாக இருந்தது. அடிப்பாகம் மட்டும் தூள் தூளாக. என் ஜாடியின் அடி இரண்டு விரல் கனம்! வெளியே காய்ந்துவிட்டது, உள்ளே ஈரம் நின்றுவிட்டது. சூடு 100 டிகிரியைத் தாண்டும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகி, வெளியேற வழி இல்லாமல் மண்ணைப் பிளந்துகொண்டு வந்திருக்கிறது. குமிழி இருந்தாலும் மண் நன்றாகக் காய்ந்திருந்தால் பெரும்பாலும் வெடிக்காது, வெடிக்க வைப்பது ஈரம்தான் என்றார்.

அப்புறம் ஒரு காயாத கிண்ணத்தை எடுத்து என் கன்னத்தில் வைத்தார். சில்லென்று இருந்தது. காய்ந்ததை வைத்தார், அந்தச் சில்லிப்பு இல்லை. "கையை நம்பாதே, கன்னத்தை நம்பு." "பரவாயில்லை, விடு" என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன். அது பரவாயில்லை என்கிற விஷயம் இல்லையே. மூன்று வார உழைப்பு, அடுத்தவர் பாத்திரம் வேறு. அதை அதற்கான மரியாதையோடு என்னோடு உட்கார்ந்து பார்த்தார். அடுத்த வாரமே மறுபடி மண்ணைக் கையில் எடுத்துவிட்டேன்.

மறுமொழி:

எனக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை. 15 வயதில் என் கவிதை நோட்டைக் கொண்டுபோய் ஒரு பெரியவரிடம் நீட்டினேன். "படிக்கிற வயசில் இதெல்லாம் எதுக்கு?" என்றார். படித்துவிட்டு நன்றாக இல்லை என்று சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும். அவர் நோட்டைத் திறக்கவே இல்லை. நான் மறுபடி எழுத உட்கார்ந்தபோது எனக்கு 34 வயது.

மறுமொழி:

நான் அம்மா. இது நான் தப்பாகப் பார்த்த கதை.

என் மகள் போனிலேயே கதை எழுதுவாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் எடுத்துப் படித்துவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான் படித்தேன், சாப்பிடும்போது பெருமையாகப் பேசவும் செய்தேன். அவள் முகம் செத்துவிட்டது. அதற்குப் பிறகு நாலைந்து மாதம் அவள் எழுதுவதை நான் பார்க்கவில்லை.

ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் அவள், இரண்டாம் உலகப்போரில் நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்தபடி நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் பற்றிச் சொன்னாள். நான் அந்தப் பெண் நாட்குறிப்பை எழுதியது எழுதியபடி விட்டுப்போனாள் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். 1942இல் 13ஆம் பிறந்தநாளுக்குக் கிடைத்த நோட்டில் தொடங்கியவள், 1944 மார்ச்சில், போர் முடிந்ததும் மக்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் சேகரிக்கப்போவதாக வானொலியில் கேட்டிருக்கிறாள். அந்த மே மாதமே, ஒளிந்திருந்த இடத்தில், உதிரித் தாள்களில் முழுவதையும் திருத்தி எழுத ஆரம்பித்துவிட்டாள். சிலதை வெட்டினாள், சிலதைச் சேர்த்தாள். ஆகஸ்ட் 4ஆம் தேதி பிடித்துக்கொண்டு போகும்வரை அந்த வேலை நடந்திருக்கிறது. "அவளே எதைக் காட்டணும்னு முடிவு பண்ணினாம்மா. நீ என்னோட முதல் நோட்டைப் படிச்சுட்ட" என்றாள்.

எனக்குப் பேச்சே வரவில்லை.

போன மாதம் அவளாகவே ஒரு பக்கம் தந்தாள். "எந்த வரியில போர் அடிச்சுதோ அங்க ஒரு புள்ளி வை. வேற எதுவும் சொல்லாதே." மூன்று புள்ளி வைத்துக் கொடுத்தேன். ஒன்றை ஒத்துக்கொண்டாள், இரண்டை ஒத்துக்கொள்ளவில்லை.

மறுமொழி:

வணக்கம், எனக்கு 17 வயது. எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே எல்லாவற்றையும் படித்தேன்.

நான் நாடகக் குழுவில் இருக்கிறேன், ஆனால் நடிப்பதில்லை, விளக்கு போடுகிறேன். "நீ எந்த வேஷம்?" என்று கேட்பவர்களிடம் விளக்கு என்றால், "ஓ" என்பதோடு பேச்சு நின்றுவிடும். கடைசிக் காட்சியில் பாட்டி தனியாக உட்கார்ந்திருப்பார், மூன்று நொடியில் விளக்கு அணைய வேண்டும் என்று குறித்திருந்தார்கள். ஒத்திகையில் நான் கொஞ்சம் மெதுவாக இறக்கிவிட்டேன். இயக்குநர் அண்ணன் நிறுத்தச் சொன்னார். திட்டு விழும் என்று நினைத்தேன். என் மேஜைக்கு வந்து, பக்கத்தில் நின்றுகொண்டு, "மறுபடி அதே மாதிரி செய், நான் இங்கிருந்து பார்க்கிறேன்" என்றார். செய்தேன். "எத்தனை நொடி?" எட்டு. "ஏன் எட்டு?" பாட்டியின் முகம் போன பிறகும் கை கொஞ்ச நேரம் தெரியட்டும் என்று நினைத்தேன் என்றேன். அவர் தன் பிரதியில் மூன்றை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார்.

மறுமொழி (தொடங்கியவர்):

தம்பி, கையைக் கடைசிவரை விட்டுவைத்தது நீங்களா! இதைப் படித்ததிலிருந்து அந்தக் காட்சியைத்தான் கற்பனை செய்துகொண்டிருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி. முகம் முதலில் போய் கை பிறகு போக, இரண்டுக்கும் தனித்தனி விளக்கா, இல்லை ஒன்றையே இறக்கினீர்களா?

மறுமொழி:

இரண்டு விளக்கு அக்கா. மேலிருந்து வருவது முகத்துக்கு, அதை முதல் ஐந்து நொடியில் இறக்கினேன். கைக்குப் பக்கவாட்டிலிருந்து ஒன்று, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில். அதை யாரும் அதுவரை பயன்படுத்தவே இல்லை.