மவுண்ட் ரோடு திரும்ப எழுந்துக்குமா? நல்ல தலைவர் ஒருத்தர் வந்தா டவுன்டவுன் (ஊரோட மைய வியாபார ஏரியா) மாறிடுமா, இல்ல நம்மளே நம்மள ஏமாத்திக்கிறோமா?

மவுண்ட்ரோடு_பையன் கேட்டது:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதான் முதல் போஸ்ட், கொஞ்சம் நீளமா போச்சுன்னா மன்னிச்சிடுங்க.

அப்பா மவுண்ட் ரோடுல மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கார் (அண்ணா சாலைன்னு அவர் வாய்ல இன்னிக்கு வரைக்கும் வரல). எல்ஐசி பில்டிங்ல இருந்து நடக்கிற தூரம். 80கள்ல ஆரம்பிச்சது. தேவில படம் பார்க்க வந்தவங்க, ஸ்பென்சர் வந்தவங்க, ஹிக்கின்பாதம்ஸ்ல புக் வாங்க வந்தவங்க எல்லாம் அப்படியே நம்ம கடைக்கும் ஒரு எட்டு வந்துட்டு போவாங்க. அப்புறம் மால் வந்துச்சு, மெட்ரோ வேலைக்கு வருஷக்கணக்கா தகரம் அடிச்சு வச்சாங்க, ஒன்வே ஆச்சு, 2019 பிப்ரவரில ஸ்டேஷன் திறந்தாங்க, ஆனா அதுக்குள்ள கஸ்டமர் எல்லாம் வேற இடம் பழகிட்டாங்க. இப்போ சாயங்காலம் ஏழு மணிக்கு மேல எங்க வரிசைல பாதி ஷட்டர் இறங்கி இருக்கு.

பில்டிங் ஓனர் இப்போ மூணு வருஷ அக்ரிமென்ட் போடு, வாடகையும் ஏத்துறேன்னு நிக்கிறார். நான் கடையை அண்ணா நகர் பக்கம் மாத்திடலாம்னு சொல்றேன். அப்பா கேக்க மாட்டேங்குறார், "எவனாவது ஒருத்தன் வருவான்டா, செய்வான்"னு அதையே சொல்லிட்டு இருக்கார்.

ஃப்ரெண்ட் ஒருத்தன் சான் பிரான்சிஸ்கோ வீடியோ அனுப்பினான். கோவிட்டுக்கு அப்புறம் ஆபீஸ் எல்லாம் காலி, 2023ல நார்ட்ஸ்ட்ராம்ன்ற பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரே மூடிட்டு போச்சு, 2024 எலெக்ஷன்ல பதவில இருந்த மேயர் லண்டன் ப்ரீட் தோத்து, அதுவரைக்கும் ஒரு எலெக்ஷன்ல கூட நிக்காத டேனியல் லூரி வந்துட்டார், டவுன்டவுன் பிரச்சினைதான் அந்த எலெக்ஷன்ல பெரிய பேச்சு. நம்ம ஊர்ல என்னிக்காவது மவுண்ட் ரோடை வச்சு ஓட்டு கேட்டு பார்த்திருக்கீங்களா? அதான் கேக்குறேன், நிஜமாவே ஒரு தலைவரால ஒரு ஏரியா எழுந்துக்குமா? அப்பா சொல்றத நம்பி மூணு வருஷம் கையெழுத்து போடலாமா?

ஆண்டர்சன்தெரு_பேப்பர்கடை:

தம்பி, நான் ஜார்ஜ் டவுன்ல மூணாவது தலைமுறை, கல்யாணப் பத்திரிகை, பேப்பர் வியாபாரம். உங்க கேள்வியையே நான் திருப்பிப் போடுறேன். எழுப்புறது அப்புறம், முதல்ல காலி பண்ணது யாரு? அதுவும் தலைவருங்கதானே.

கொத்தவால் சாவடி எங்க கடைல இருந்து கூப்பிடு தூரம். சின்ன வயசுல விடியக்காலைல அப்பாகூட வருவேன், நாலு மணிக்கே லாரி நிக்கும், முட்டைக்கோஸ் இலை மிதிபட்டு மிதிபட்டு ரோடே வழுக்கும், டீக்கடைல பாய்லர் அணைஞ்சதே கிடையாது. 1996ல மொத்த காய்கறி மார்க்கெட்டும் கோயம்பேடு போச்சு. 2002ல வெளியூர் பஸ் எல்லாம் பாரிமுனைல இருந்து கோயம்பேடு போச்சு. இப்போ 2023 டிசம்பர்ல தெக்க போற பஸ் கிளாம்பாக்கம் போச்சு, அடுத்து செங்கல்பட்டுக்கே கொண்டு போயிடுவாங்க போல 😀. மாத்தினது தப்புன்னு சொல்ல மாட்டேன், அந்த சந்துல லாரி நுழைஞ்சா ஆம்புலன்ஸ் கூட வெளிய வர முடியாது, நானே பார்த்திருக்கேன். ஆனா மார்க்கெட் போனப்புறம் இந்த இடத்துக்கு என்ன வேலைன்னு எந்தக் கட்சிக்காரரும் யோசிக்கல, சும்மா விட்டுட்டாங்க.

ஆனா ஒண்ணு, நாங்க சாகல. ஏன்னா ஆண்டர்சன் ஸ்ட்ரீட்னா பத்திரிகை, ரிச்சி ஸ்ட்ரீட்னா எலக்ட்ரானிக்ஸ், ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுனா கார் சாமான், சவுகார்பேட்டைனா துணி. பத்து கடை ஏறி இறங்கி ரேட் கேக்கலாம்னுதான் மதுரைல இருந்தும் கிளம்பி வர்றான். இன்னிக்கும் மதியம் ரெண்டு மணிக்கு எங்க தெருவுல வந்து நில்லுங்க, மீன்பாடி வண்டி ரீம் பண்டல் ஏத்திட்டு வர்றப்ப காலைத் தூக்கி படிக்கட்டு மேல வச்சுக்கணும். மவுண்ட் ரோடு அப்படி இல்ல தம்பி, அது ஷோக்கா வேடிக்கை பார்க்க வர்ற ரோடு, வேடிக்கை மாலுக்குப் போனா ஜனமும் பின்னாடியே போகும்.

ட்ராய்_மிச்சிகன்:

ஹாய் ப்ரோ, நான் 2009ல இருந்து டெட்ராய்ட் பக்கத்துல இருக்கேன், அதனால இதுல கொஞ்சம் அனுபவம் உண்டு. நான் வந்த புதுசுல ஆபீஸ்ல சொன்ன முதல் அட்வைஸே "இருட்டினப்புறம் டவுன்டவுன் போகாதே". 1950ல 18 லட்சம் பேர் இருந்த ஊரு, 2020 சென்சஸ்ல 6.4 லட்சம் கூட இல்ல. 2013 ஜூலைல ஊரே திவாலாச்சு, 18 பில்லியன் டாலர் கடன்னு கோர்ட்டுக்கு போனாங்க. அப்போ தெருவிளக்குல பத்துக்கு நாலு எரியாது, மிகைப்படுத்தல, நிஜமா.

2014ல மைக் டக்கன் மேயரா வந்தார், 12 வருஷம் இருந்தார். எல்லாரும் பெரிய பில்டிங் கதை சொல்வாங்க, எனக்கு ஞாபகம் இருக்கிறது லைட்டுதான். 2016 முடியறதுக்குள்ள ஊர் முழுக்க 65,000 எல்ஈடி லைட் போட்டு முடிச்சாங்க. ஒருநாள் ராத்திரி பேஸ்பால் மேட்ச் முடிஞ்சு வர்றேன், வழக்கமா இருட்டா இருக்கிற ஒரு முழு தெரு பளிச்சுனு இருக்கு, ஒரு அம்மா குழந்தைய தள்ளுவண்டில வச்சு தள்ளிட்டு போறாங்க, காரை ஸ்லோ பண்ணிப் பார்த்தேன்.

இதுக்கு முன்னாடியும் இங்க தலைவருங்க சும்மா இல்ல. 1977ல ஆத்தங்கரைல கண்ணாடி டவர் டவரா ரெனைசான்ஸ் சென்டர் கட்டினாங்க, பேரே மறுமலர்ச்சி. 1987ல டவுன்டவுனை மட்டும் சுத்தி சுத்தி வர்ற பீப்பிள் மூவர்னு ஒரு குட்டி ரயில். ரெண்டும் வந்தப்புறமும் ஜனம் வெளியேறிட்டேதான் இருந்துச்சு. அதனால "பெரிசா கட்டினா வருவாங்க"ன்றது இங்க செல்லுபடி ஆகல.

அதே சமயம் எல்லா பேரையும் டக்கனுக்கே கொடுத்துடாதீங்க. டேன் கில்பர்ட்ன்ற பணக்காரர் 2010லயே தன் கம்பெனி ஆளுங்களை டவுன்டவுனுக்கு கொண்டு வந்து, நூத்துக்கும் மேல பில்டிங் வாங்கிப் போட்டார். பாழடைஞ்சு கிடந்த ரயில்வே ஸ்டேஷனை ஃபோர்டு 2018ல வாங்கி 2024ல திறந்தாங்க. திவால்ல கடனும் பெருசா குறைஞ்சுது, அதுல ரிட்டயரானவங்க பென்ஷன்லயும் கை வச்சாங்க, அதை யாரும் வீடியோல காட்ட மாட்டாங்க. 2023லதான் 1957க்கு அப்புறம் முதல் தடவையா மக்கள்தொகை கொஞ்சூண்டு ஏறுச்சு. மேயர் உக்காந்து கிட்டத்தட்ட பத்து வருஷம் கழிச்சு! உங்க அக்ரிமென்ட் மூணு வருஷம் 🙂

ரிட்டயர்டு_ஆள்:

டெட்ராய்ட் தம்பி சொன்னது நல்லாருக்கு, ஆனா அங்க மேயர்ன்றது வேற, இங்க மேயர்ன்றது வேற, அதை யாரும் சொல்லலையே. நான் அரசாங்க வேலைல 31 வருஷம் இருந்து வந்தவன், எந்த டிபார்ட்மென்ட்னு கேக்காதீங்க.

சென்னை மாநகராட்சி 1688ல ஆரம்பிச்சது, நாட்டுலயே பழசு. ஆனா 1973ல கலைச்சாங்க, 1996 வரைக்கும் 23 வருஷம் எலெக்ஷனே கிடையாது, அதிகாரிங்க ராஜ்ஜியம். 96ல மக்களே நேரடியா மேயரைத் தேர்ந்தெடுத்தாங்க, ஸ்டாலின் வந்தார், ஊருக்குள்ள வரிசையா மேம்பாலம் வந்தது அப்போதான். 2001ல மறுபடி ஜெயிச்சார், அடுத்த வருஷமே ஒரு ஆளுக்கு மேயர், எம்எல்ஏன்னு ரெண்டு பதவி கூடாதுன்னு அம்மா ஆட்சில சட்டம் வந்துச்சு, மேயர் நாற்காலி போச்சு. 2006ல கவுன்சிலர்ங்க சேர்ந்து தேர்ந்தெடுக்கிற முறை, 2011ல மறுபடி நேரடி, 2016ல இருந்து 2022 வரைக்கும் கவுன்சிலே இல்ல, 2022ல மறுபடி கவுன்சிலர் ஓட்டு. இப்படி ஆளுக்கு ஒரு தடவை விதியை மாத்தினா எந்த மேயர் 12 வருஷம் உக்காந்து ஒரு தெருவைப் பத்தி யோசிக்கிறது?

சரி, மேயர் ஆசைப்பட்டாலும், மவுண்ட் ரோடு யார் கைல இருக்கு? ரோடு மாநில ஹைவேஸ், தண்ணி சாக்கடை மெட்ரோ வாட்டர், டிராஃபிக் போலீஸ், கரண்ட் மின்வாரியம், பிளான் அப்ரூவல் சிஎம்டிஏ (சென்னை பெருநகர வளர்ச்சிக் குழுமம்), பூமிக்கு அடில மெட்ரோ ரயில். கமிஷனரை அனுப்புறது கோட்டை. ஒரு தடவை ஒரு நடைபாதை ஸ்லாப் உடைஞ்சதுக்கு (எந்த ஏரியான்னு வேண்டாம்) மூணு ஆபீசுக்கு லெட்டர் போச்சு, மூணும் "எங்களுது இல்ல"ன்னு பதில் போட்டாங்க, கடைசில எதிர்ல இருந்த ஜூஸ் கடைக்காரர் ஒரு பழைய கதவைத் தூக்கி மேல போட்டார். அந்தக் கதவு ஒரு மழைக்காலம் தாங்குச்சு.

அதனால இங்க டவுன்டவுனுக்கு தலைவர்னா முதலமைச்சர்தான். அதுல ஒரு சிக்கல் இருக்கு, உங்க அப்பாவுக்கே தெரியும், ஓமந்தூரார் எஸ்டேட் உங்க ரோடுலதானே.

மவுண்ட்ரோடு_பையன்:

சார் அதை ஞாபகப்படுத்திட்டீங்களே 😅 2010 மார்ச்ல புது சட்டசபை கட்டடம் திறந்தப்போ அப்பா கடன் வாங்கி ஷோகேஸ் எல்லாம் மாத்தினார், கோட்டைல இருக்கிற மொத்த ஆபீசருக்கும் வெள்ளெழுத்து வந்த வயசு, எல்லாரும் நம்ம கடைக்குதான்னு கணக்கு. 2011ல ஆட்சி மாறுச்சு, சட்டசபை திரும்ப கோட்டைக்கே போச்சு, 2014ல அது பல்நோக்கு ஆஸ்பத்திரி ஆச்சு. காமெடி என்னன்னா ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களால இப்போ ஓரளவு வியாபாரம் நடக்குது, கூட வர்ற தாத்தாங்க காத்திருக்கிற நேரத்துல நடந்து வந்து ரீடிங் கிளாஸ் வாங்கிட்டு போறாங்க. இருக்கிறதுலயே சீப்பான ஃப்ரேம்தான் கேப்பாங்க.

பிளானிங்_படிக்கிறேன்:

எல்லாரும் சேர்ந்து தலைவரே தேவையில்லன்ற மாதிரி பேசுறீங்க, ஒத்துக்க முடியாது. சியோல்ல சோங்யேசோன்னு ஒரு ஓடை, நம்ம கூவம் மாதிரி சாக்கடையாகி, மேல மூடி, அதுக்கும் மேல எக்ஸ்பிரஸ்வே கட்டிட்டாங்க. மேயர் லீ மியுங் பாக் 2003ல அந்த எக்ஸ்பிரஸ்வேயையே இடிக்க ஆரம்பிச்சு 2005ல கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டருக்கு தண்ணி ஓட விட்டார். டிராஃபிக் செத்துடும்னு எல்லாரும் கத்தினாங்க, சாகல. கமிட்டி போட்டிருந்தா இன்னும் மீட்டிங்தான் நடந்துட்டு இருக்கும். நாம 2024லயும் அதே அண்ணா சாலைல தேனாம்பேட்டைல இருந்து சைதாப்பேட்டைக்கு 3.2 கிலோமீட்டர் மேம்பாலம் கட்ட ஆரம்பிச்சிருக்கோம், அவங்க இடிச்சு இருபது வருஷம் ஆச்சு.

ஆண்டர்சன்தெரு_பேப்பர்கடை:

தம்பி, அந்த ஓடைக்கரைல வியாபாரம் பண்ணிட்டு இருந்த தெருக்கடைக்காரங்க எங்க போனாங்கன்னும் படிங்க. ஒரு ஸ்டேடியத்துக்குள்ள தள்ளினாங்க, அப்புறம் அந்த ஸ்டேடியத்தையும் இடிச்சுட்டாங்க. மேயர் ஜனாதிபதி ஆயிட்டார். இடிக்க தைரியம் வேணும், ஒத்துக்கிறேன், ஆனா இடிக்கிறவன் கடை அங்க இருக்கிறதில்ல.

பிளானிங்_படிக்கிறேன்:

ம்ம். அது நியாயமான கேள்விதான் அண்ணே. படிக்கிறேன்.

தி_நகர்_நடராஜா:

பாண்டி பஜார்காரன் ரெண்டு வார்த்தை. 2019 நவம்பர்ல எடப்பாடி நடைபாதை வளாகத்தை திறந்து வச்சப்போ ஊரே வந்து செல்ஃபி எடுத்துச்சு, நானும் எடுத்தேன். நிஜமாவே அகலமான பிளாட்பாரம், எங்க அம்மா வாக்கிங் ஸ்டிக்கோட தைரியமா நடந்தாங்க. இப்போ பொல்லார்டு (வண்டி ஏறாம இருக்க நட்ட குட்டைக் கம்பம்) நடுவுல கேப் விழுந்த இடத்துல பைக் ஏறிடுது, ஒருத்தன் ஹார்ன் வேற அடிக்கிறான், பிளாட்பாரத்து மேல! ஆனாலும் வேலைய நிறுத்தாம தொடர்ந்தாங்க, அதை சொல்லணும். மாம்பலம் ஸ்டேஷன்ல இருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஸ்கைவாக் (ரோடுக்கு மேல நடைபாலம்) அதிமுக ஆட்சில ஆரம்பிச்சது, 2023 மே மாசம் திமுக ஆட்சில திறந்தாங்க, ரங்கநாதன் தெரு நெரிசல்ல மூச்சு முட்டாம அரை கிலோமீட்டருக்கு மேல நடக்கலாம். ரெண்டு கட்சியும் ஒரே வேலைய முடிச்ச அதிசயம்.

மவுண்ட் ரோடுக்கு அந்த மாதிரி பிளாட்பாரம் மட்டும் கொடுத்துப் பாருங்க. இப்போ எல்ஐசி ஸ்டேஷன்ல இறங்கி எதிர்சைடு கடைக்குப் போறதுக்குள்ள பசியே அடங்கிடும்.

ரிட்டயர்டு_ஆள்:

2024ல வட சென்னை வளர்ச்சித் திட்டம்னு 4,181 கோடிக்கு தங்க சாலைல ஆரம்பிச்சு வச்சாங்க. பணம் வருது, இல்லன்னு சொல்ல முடியாது. தம்பி, ஆனா நீங்க கேட்டது மூணு வருஷம் கையெழுத்து பத்தி. நான்னா 11 மாச அக்ரிமென்ட் கேப்பேன்.

மவுண்ட்ரோடு_பையன்:

எல்லாருக்கும் தேங்க்ஸ். ட்ராய் ப்ரோ லைட் பத்தி சொன்னதுல இருந்து மண்டைல அதேதான் ஓடிட்டு இருந்துச்சு, நேத்து ஏழரை மணிக்கு மெட்ரோ வாசல்ல இருந்து கடை வரைக்கும் ஒரு கஸ்டமர் மாதிரி நடந்து பார்த்தேன். வழில மூணு லைட் எரியல, ஒரு இடத்துல கேபிள் குழிக்கு பிளைவுட் மூடி, எங்க கடை போர்டு இருக்கிற இடம்தான் இருக்கிறதுலயே இருட்டு. நாப்பது வருஷமா அந்தக் கடைல இருக்கோம், வெளிய நின்னு ராத்திரில பார்த்ததே இல்ல.

லைட்டுக்கு கம்ப்ளெயின்ட் போட்டாச்சு, நம்பர் வந்திருக்கு. போர்டுக்கு நாங்களே ரெண்டு ஃபோகஸ் லைட் மாட்டுறோம், எலக்ட்ரீஷியன் வியாழக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கார். ஓனர்கிட்ட 11 மாசம்னு பேசினேன், முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டார், ஆனா பக்கத்து ரெண்டு கடை காலியா இருக்கே, அதனால முடியாதுன்னும் சொல்லல. அப்பாகிட்ட இன்னும் சொல்லல, அவர் மூணு வருஷம்னுதான் நினைச்சிட்டு இருக்கார்.