சென்னை மின்சாரப் பேருந்து: வண்டி சரி, ஒப்பந்தம் சரியா?

வடசென்னை வாசு:
2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. ஆகஸ்டில் பெரும்பாக்கத்திலிருந்து இன்னும் 135. உலக வங்கி உதவியோடு, இவற்றையும் சேர்த்து மொத்தம் 625 வண்டிகளுக்குத் திட்டம். வண்டியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அது யாருடைய வண்டி என்பதுதான் என் கேள்வி.

இவற்றை மாநகர் போக்குவரத்துக் கழகம் வாங்கவில்லை. தனியார் நிறுவனம் வாங்கி, ஓட்டுநரைப் போட்டு, பராமரித்து ஓட்டுகிறது. கழகம் கிலோமீட்டர் கணக்கில் பணம் கொடுக்கிறது: சாதா வண்டிக்கு 77 ரூபாய் 16 காசு, ஏசி வண்டிக்கு 80 ரூபாய் 86 காசு. நடத்துநர் மட்டும் கழகத்தின் ஆள். ஒப்பந்தம் 12 ஆண்டுகள். 1972-இல் பல்லவன் என்ற பெயரில் தொடங்கிய காலத்திலிருந்து கழகத்துக்கென்று ஒரு பணிமனை, அதற்குள் ஒரு தொழில்கூடம், அதில் வேலை கற்றுக்கொண்ட ஆட்கள் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஒப்பந்தம் முடியும்போது ஊரில் ஓடுவதெல்லாம் மின்சார வண்டியாக இருக்கும். அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர்கூடக் கழகத்தில் இருக்க மாட்டார். இதைத்தான் எதிர்க்கிறேன்.

நித்யா_நீலாங்கரை:
வாசு சார், முதலில் பணத்தைப் பாருங்கள். முதல் 120 வண்டிகளின் மதிப்பு சுமார் 208 கோடி ரூபாய். ஒரு வண்டி ஒன்றே முக்கால் கோடி. சென்னையில் குறைந்தபட்சக் கட்டணம் இன்னும் 5 ரூபாய். 2018-க்குப் பிறகு கட்டணம் ஏறவே இல்லை. அது ஏறக்கூடாது என்பதுதான் என் நிலைப்பாடும். அப்படியிருக்க, இவ்வளவு முதலீட்டைக் கழகம் எங்கிருந்து போடும்?

அடுத்தது பேட்டரி. இந்த வண்டியில் விலை அதிகமான உறுப்பு அதுதான். ஏழெட்டு வருடத்தில் அதன் திறன் குறையும், மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவு இப்போது நிறுவனத்தின் தலையில். கழகமே வாங்கியிருந்தால் எட்டாவது வருடம் பேட்டரிக்குப் பணம் இல்லாமல் வண்டிகள் பணிமனை மூலையில் நின்றுவிடும். டீசல் வண்டிகளே உதிரிபாகம் கிடைக்காமல் நிற்பதைப் பார்த்தவர்கள்தானே நாம்?

ஓட்டும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகரத்துக்குள் டீசல் பேருந்து லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுத்தால் பெரிது. லிட்டர் 92 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் எண்ணெய்க்கே போகிறது. ஏசி இல்லாத மின்சார வண்டி கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றே கால் யூனிட் எடுக்கும். பத்துப் பன்னிரண்டு ரூபாயில் முடிந்துவிடும்.

ஸ்டியரிங் மாணிக்கம்:
நான் ஓய்வு பெற்ற ஓட்டுநர். தம்பி வாசு சொல்வதில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்கவில்லை.

பழைய வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே என்ஜின். மே மாதம் மதியம் அதன் மூடி மேல் தண்ணீர் பாட்டிலை வைத்தால் வெந்நீர் ஆகிவிடும். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முட்டி போகாத ஓட்டுநர் எங்கள் செட்டில் யாரும் இல்லை. அமைந்தகரையிலிருந்து கோயம்பேடு போவதற்குள் எத்தனை மிதி! மின்சார வண்டியில் கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, அந்தச் சூடும் கிடையாது. இது ஒன்றுக்காகவே இந்த வண்டி வரவேண்டும் என்பேன்.

ஆனால் ஓட்டும் பையனின் சம்பளம் என்ன? எங்களுக்கு ஊதிய ஒப்பந்தம் இருந்தது, சங்கம் இருந்தது, ஓய்வூதியம் இருக்கிறது. பெங்களூரில் இதே முறையில் ஓடும் மின்சாரப் பேருந்துகளின் ஒப்பந்த ஓட்டுநர்கள் சம்பளப் பிரச்சினைக்காக வண்டியை நிறுத்திப் போராடியது செய்தியில் வந்தது. நிம்மதி இல்லாத ஓட்டுநர் கையில் 12 மீட்டர் வண்டியைக் கொடுக்கலாமா?

வடசென்னை வாசு:
மாணிக்கம் அண்ணே, நன்றி. நித்யா, உங்கள் எண்ணெய்க் கணக்கில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மிச்சமாகும் அந்தப் பத்து ரூபாய் யாருக்குப் போகிறது? 2022-இல் கொல்கத்தா, டெல்லி, பெங்களூரு, ஹைதராபாத், சூரத் ஐந்தும் சேர்ந்து 5,450 பேருந்துகளுக்கு ஒரே டெண்டர் விட்டபோது 12 மீட்டர் வண்டிக்குக் கிலோமீட்டர் 43 ரூபாய் 49 காசு என்று விலை வந்தது. நமக்கு ஏன் 77?

நித்யா_நீலாங்கரை:
அந்த விலைக்குள், மின்சார வண்டிகளுக்கு ஒன்றிய அரசு கொடுத்த ஃபேம் மானியம் இருக்கிறது. ஐந்து நகரங்கள் சேர்ந்து கேட்டதால் எண்ணிக்கையும் பெரிது. நமக்கு அந்த மானியமும் இல்லை, அந்த எண்ணிக்கையும் இல்லை. வேறு வேறு நிபந்தனையில் வந்த இரண்டு விலைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

இன்னொன்று. கழகங்கள் பணத்தை ஒழுங்காகக் கொடுக்காது என்ற பயம் இருந்தால் நிறுவனம் அதையும் சேர்த்துத்தான் விலை சொல்லும். அந்தப் பயத்தைப் போக்கவே 2024-இல் ஒன்றிய அரசு 3,435 கோடி ரூபாயில், கழகம் பணம் தரத் தவறினாலும் நிறுவனத்துக்குப் பணம் கிடைக்கும்படி ஒரு பாதுகாப்பு ஏற்பாடு செய்தது.

எண்ணூர்க்காரன்:
எல்லோரும் ரூபாயைப் பற்றியே பேசுகிறீர்கள். மின்சாரம் எங்கிருந்து வருகிறது? எங்கள் ஊரிலிருந்து. அனல்மின் நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து, மீன்பிடித் தொழில் என்ன ஆயிற்று என்று காட்டுக்குப்பத்தில் வந்து கேளுங்கள். அண்ணா சாலையில் புகை குறைகிறது, சரி. அந்தப் புகை எண்ணூரில் கூடினால் அதற்குப் பெயர் பசுமைப் போக்குவரத்தா? இரவில்தான் இத்தனை வண்டிகளும் சார்ஜ் ஏறும். இரவில் சூரியன் இல்லை.

செல்வி_மின்பொறியாளர்:
எண்ணூர்க்காரரின் கோபம் நியாயமானது. ஆனால் முழுப் படமும் அது இல்லை. தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் மட்டுமே 11,000 மெகாவாட்டுக்கு மேல். மே முதல் செப்டம்பர் வரை காற்று இரவிலும் வீசும். அந்த மாதங்களில் இரவு சார்ஜ் செய்வதில் பெரிய தவறில்லை. மற்ற மாதங்களின் இரவில் நிலக்கரியைத்தான் நம்பியிருக்கிறோம், அதை மறைக்கக் கூடாது.

வழி இருக்கிறது. காலை நெரிசல் முடிந்து 11 மணிக்கு மேல், மாலை 4 மணிக்கு முன், கணிசமான வண்டிகள் பணிமனைக்குத் திரும்புகின்றன. சூரிய மின்சாரம் மிகுதியாகக் கிடைப்பதும் அந்த நேரத்தில்தான். ஒரு முழுச் சார்ஜில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மதியம் ஒன்றரை மணி நேரம் ஏற்றினால் இரவுத் தேவை பெருமளவு குறையும். வண்டி நேர அட்டவணையைப் போடும்போதே மின்வாரியமும் கழகமும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். எண்ணூருக்கு நாம் செய்யக்கூடியது அதுதான்.

எண்ணூர்க்காரன்:
உட்காரும்போது எங்களையும் கூப்பிடுங்கள்.

கதிர்_சக்கரநாற்காலி:
இத்தனை பேர் பேசியும், இந்த வண்டிகள் ஏன் தாழ்தளமாக வந்தன என்று யாரும் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடியதும் இதற்குக் காரணம். அப்புறம், தாழ்தளத்துக்கு மின்சாரம் கட்டாயமில்லை. 2024-இல் ஜெர்மன் வங்கிக் கடனில் வந்த டீசல் வண்டிகளும் தாழ்தளம்தான்.

நான் ஏறுவது எப்படி என்று சொல்கிறேன். வண்டி நின்றதும் நடத்துநர் இறங்கி, கதவடியில் மடித்து வைத்திருக்கும் சாய்தளப் பலகையைக் கையால் இழுத்துப் போட வேண்டும். வண்டி நடைமேடையை ஒட்டி நின்றால் பலகை அதன் மேல் சரியாக உட்காரும், நானே உருட்டி ஏறிவிடுவேன். நடுச்சாலையில் நின்றால் பலகை தார்ச்சாலை மேல் செங்குத்தாக விழும். இரண்டு பேர் தூக்கினால்தான் ஏற முடியும். கோடிக்கணக்கில் செலவழித்த வண்டி கடைசி நான்கடியில் தோற்றுப் போகிறது. ஒப்பந்தம் கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்கிறது. எங்கே, எப்படி நிறுத்தினார்கள் என்பதற்கு என்ன கொடுக்கிறது, என்ன பிடிக்கிறது?

வடசென்னை வாசு:
கதிர் கேட்டதுதான் என் வாதத்தின் நடு நரம்பு. கிலோமீட்டருக்குக் கூலி என்றால் கிலோமீட்டர்தான் ஓடும். கூட்டம் ஏறியதா, நிறுத்தத்தில் நின்றதா என்பது நிறுவனத்தின் வருமானத்தைத் தொடாது.

நித்யா_நீலாங்கரை:
தொடும்படி எழுதலாமே! அபராதப் பிரிவுகளைக் கடுமையாக்குங்கள், மாதாமாதம் வெளியிடச் சொல்லுங்கள். சிலியின் சாந்தியாகோவில் இன்று 2,000-க்கு மேல் மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. அங்கே வண்டிக்கு முதல் போடுபவர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர். ஓட்டுபவர் சரியில்லை என்றால் அவரை மாற்றலாம், வண்டி நகரத்திலேயே இருக்கும். சீனாவின் ஷென்சென் 2017 இறுதிக்குள் 16,000 பேருந்துகளையும் மின்சாரமாக்கியது, ஆனால் பெரும் அரசு மானியத்தோடு. அந்த மானியம் நமக்கு வராது. சாந்தியாகோ வழி நம்மால் முடியும். கழகமே எல்லாம் வாங்கட்டும் என்று இன்னும் பத்து வருடம் காத்திருந்தால் ஜனங்கள் பைக் வாங்கிவிடுவார்கள். ஒருமுறை வாங்கியவர் பேருந்துக்குத் திரும்ப மாட்டார்.

வடசென்னை வாசு:
சாந்தியாகோ முறை என்றால் பேச நான் தயார். ஆனால் நமது ஒப்பந்தத்தில் வண்டியும் ஓட்டுநரும் ஒரே நிறுவனத்தின் கையில். அதனால் மீதி வண்டிகளுக்கு இரண்டு நிபந்தனை கேட்கிறேன். ஒவ்வொரு மின்சாரப் பணிமனையிலும் கழகத்தின் தொழில்நுட்பப் பணியாளர்களை அனுப்பி, பேட்டரி, மோட்டார் வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அடுத்து, இந்த 625-உம் கூடுதல் வண்டியாக இருக்க வேண்டும். பெங்களூரில் 6,000-க்கு மேல் மாநகரப் பேருந்து ஓடும்போது நாம் மூவாயிரத்துச் சொச்சத்தில் நிற்கிறோம். பழைய டீசலைக் கழித்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தால் மூலக்கடையில் நிற்பவருக்குக் காத்திருக்கும் நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையாது.

நித்யா_நீலாங்கரை:
இரண்டாவதை முழுமையாக ஏற்கிறேன். பணியாளர்களை அனுப்புவதும் சரி. கழகமே வாங்க வேண்டும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

ஸ்டியரிங் மாணிக்கம்:
ஓட்டுநர் சம்பளத்தை மறந்துவிட்டீர்கள். டெண்டரிலேயே குறைந்தபட்சச் சம்பளத்தை எழுதிவிட்டு, அதற்கு மேல் விலை கேளுங்கள். சம்பளத்தைக் குறைத்து யாரும் டெண்டர் ஜெயிக்கக் கூடாது.

கதிர்_சக்கரநாற்காலி:
அந்தப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நடைமேடையை விட்டு விலகி நிற்கும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிறுவனத்துக்குக் கொடுக்கும் தொகையில் பிடித்தம். பிடித்தம் ஓட்டுநர் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. வண்டியில் கேமரா இருக்கிறது, பார்த்துச் சொல்லிவிடலாம். நிறுத்தத்தில் நிற்கும் ஆட்டோக்களையும் கடைகளையும் அகற்றுவது மாநகராட்சியின் வேலை. அதற்கான மனுவை நான் எழுதுகிறேன், கையெழுத்துப் போட வருகிறவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.