புதுப்பிப்பு: போர்ட்டோ பயணமும் நீர்வண்ணப் பெட்டியும்

குடும்பத்துடன் போர்ச்சுகலின் போர்ட்டோ நகருக்குச் செல்லும்போது நீர்வண்ணப் பெட்டியை எடுத்துச் செல்லலாமா, அது ஊர் சுற்றும் நேரத்தைக் குறைத்துவிடுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். வரைவதற்கான வேளையை வீட்டாரிடம் பேசி முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளுமாறு பலர் கூறினீர்கள். அப்படியே செய்தேன், பயணத்தில் எனக்கு மிகவும் நிறைவளித்தவை அந்த வேளைகளே.

காலையில் டோரு ஆற்றின் தென்கரையிலுள்ள கையா நகர்ப் பக்கம் சென்றுவிடுவேன். அங்கே வடக்கு நோக்கி அமர்வதால் வெயில் கண்ணில் அடிப்பதில்லை. எதிர்க்கரையிலுள்ள ரிபெய்ரா பகுதி வீடுகளின் முகப்புகளிலோ ஒளி நன்றாக விழுகிறது. 1886இல் திறக்கப்பட்ட முதலாம் லூயிஸ் பாலத்தின் 172 மீட்டர் இரும்பு வளைவை வரையும்போது, குறுக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தொடர்வதைக் காட்டிலும், அவற்றுக்கிடையே தெரியும் வானத்துண்டுகளின் வடிவத்தைக் கவனிப்பதே கைகொடுத்தது. அந்நேரத்தில் மனைவியும் மகளும் மெட்ரோ ரயில் ஓடும் மேல்தளத்தில் நடந்து மகிழ்ந்தனர்.

மழை நாளில் சாவ் பென்டோ ரயில் நிலையம் அடைக்கலம் தந்தது. அதன் சுவர்களில் பதித்த, ஓவியர் ஜோர்ஜ் கொலாசோ தீட்டிய ஏறத்தாழ 20,000 பீங்கான் ஓடுகளில், வட ஆப்பிரிக்காவின் சியூட்டா நகரைப் போர்ச்சுகல் 1415இல் வென்றதைக் காட்டும் நீல-வெள்ளை ஓவியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கோபால்ட் நீலம் ஒன்றிலேயே நீரைக் கூட்டியும் குறைத்தும் எல்லாச் சாயல்களையும் கொண்டுவர முயன்றேன். நீர்வண்ணம் பழகுபவருக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பேன். பயணிகள் நடமாட்டம் மிகுந்த கூடம் என்பதால், சுவரோரம் நின்றபடியே வரைவதற்கேற்ற சிறிய ஏடு போதுமானது.