ஆக்ஸம் (ரஸ்ட் மொழியோட வெப் ஃப்ரேம்வொர்க்) சர்வீஸ் காலைல மட்டும் ரீஸ்டார்ட் ஆகுது, எக்ஸிட் கோடு 137, ஆனா மெமரி ஃபுல் ஆகல. யாராவது பாருங்களேன்

லேட்நைட்_டிப்ளாய்:
வணக்கம் மக்களே. டியூஷன் சென்டர்களுக்கு அட்டெண்டன்ஸ் ஆப் ஒண்ணு வச்சிருக்கோம், பேக்எண்ட் நோட் ஜேஎஸ்ல இருந்துச்சு, அதை ரஸ்ட்டுக்கு மாத்திட்டோம். ஆக்ஸம், டோக்கியோ (அசிங்க் வேலைகளை ஓட்டுற ரன்டைம்), எஸ்கியூஎல்எக்ஸ் (டேட்டாபேஸ் லைப்ரரி), போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், எல்லாரும் போடுற அதே சாம்பார்தான். குபர்நெட்டிஸ்ல (கண்டெய்னர்களை ஓட்டி மேய்க்கிற சிஸ்டம்) ஒரே ஒரு பாட் (கண்டெய்னர் ஓடுற கூடு), சிபியு லிமிட் 500எம், அதாவது அரை சிபியு, மெமரி லிமிட் 256 எம்ஐ (மெபிபைட், கிட்டத்தட்ட எம்பி).

நாள் பூரா சமத்தா ஓடுது. காலைல 9 மணிக்கு டீச்சர்ஸ் ஒரு 600 பேர் லாகின் பண்ற நேரம் மட்டும் பாட் செத்து செத்துப் பொழைக்குது. டிஸ்கிரைப் (பாட் நிலவரம் காட்டுற கமாண்ட்) பண்ணிப் பாத்தா எக்ஸிட் கோடு 137. கூகுள்ல தேடினா 137ன்னாலே மெமரி பத்தலன்னுதான் எல்லாரும் சொல்றாங்க, ஆனா எங்க கிராஃப்ல மெமரி 60 எம்ஐ தாண்டவே இல்ல. இதுல இன்னொரு கூத்து, ஹெல்த் எண்ட்பாயிண்ட் (சர்வீஸ் உயிரோட இருக்கான்னு கேக்குற யூஆர்எல்) டேட்டாபேஸைக்கூட தொடாது, வெறும் ஓகேன்னு ஒரு ஸ்ட்ரிங் திருப்பி அனுப்பும், அது போய் டைம் அவுட் ஆகுதுன்னு ஈவெண்ட்ஸ்ல வருது. ஒரு ஸ்ட்ரிங் அனுப்ப ஒரு செகண்டுக்கு மேல ஆகுமா? என் லேப்டாப்ல எவ்ளோ லோடு குடுத்தாலும் ஒண்ணும் ஆகல. மண்டை காயுது.

பைப்லைன்_பாண்டி:
கண்டெய்னர் அல்பைன் லினக்ஸ் இமேஜா ப்ரோ? அதுல வர்ற மஸ்ல் சி லைப்ரரியோட மெமரி அலோகேட்டர் மல்டி த்ரெட்ல ரொம்ப ஸ்லோ, டெபியன் ஸ்லிம்முக்கு மாத்திப் பாருங்க. மெமரியையும் 512 ஆக்கிடுங்க.

லேட்நைட்_டிப்ளாய்:
ஏற்கெனவே டிஸ்ட்ரோலெஸ் டெபியன் தான் பாஸ், மஸ்ல் இல்ல. மெமரியை 512 ஆக்கியும் பாத்தாச்சு, அப்பவும் அதே கதைதான்.

கம்பைலர்_திட்டுது:
மெமரியை விடுங்க தம்பி, 137ங்கறது 128 கூட்டல் 9. சிக்கில் (உடனே கொல்ற 9ஆம் நம்பர் சிக்னல்) வாங்கி செத்துச்சுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம், யார் கொன்னாங்கன்னு அது சொல்லாது. கர்னல் மெமரிக்காகக் கொன்னிருந்தா டிஸ்கிரைப்ல லாஸ்ட் ஸ்டேட்டுக்கு கீழ ரீசன்ல ஓஓஎம்கில்டுன்னு (மெமரி தீந்து கொன்னது) வரும். உங்களுக்கு என்ன வருது? லைவ்னெஸ் ப்ரோப் (உயிரோட இருக்கான்னு குபர்நெட்டிஸ் தட்டிப் பாக்குறது) செட்டிங்ஸையும் போடுங்க. அப்புறம் ரோல் அவுட் (புது வெர்ஷன் ஏத்துறது) பண்ணும்போது பழைய பாட் உடனே போகுதா, இல்ல டெர்மினேட்டிங்னு கொஞ்ச நேரம் நிக்குதா?

லேட்நைட்_டிப்ளாய்:
ரீசன்ல வெறும் எரர்னு இருக்கு. ப்ரோப்ல நான் தட்ட வேண்டிய யூஆர்எல்லைத் தவிர எதுவும் மாத்தல, மத்ததெல்லாம் டிஃபால்ட்.

ஆமா, கரெக்டா கேட்டீங்க, ஒவ்வொரு ரோல் அவுட்லயும் பழைய பாட் அரை நிமிஷம் டெர்மினேட்டிங்லயே நிக்குது. அது குபர்நெட்டிஸ் பழக்கம்னு நெனச்சு விட்டுட்டேன். ஆனா கிரேஸ்ஃபுல் ஷட்டவுன் (கையில இருக்கிற ரெக்வஸ்டை முடிச்சுட்டு மூடுறது) போட்டிருக்கேனே, கண்ட்ரோல் சி அடிச்சா லேப்டாப்ல அழகா மூடுது.

கம்பைலர்_திட்டுது:
பாதி அங்கயே தெரிஞ்சு போச்சு. டோக்கியோவோட கண்ட்ரோல் சி ஃபங்ஷன் சிக்இன்ட் சிக்னலை மட்டும்தான் பிடிக்கும். குபர்நெட்டிஸ் அனுப்புறது சிக்டெர்ம், மூடிக்கோன்னு சொல்ற வேற சிக்னல். சாதாரண ப்ராசஸா இருந்தா ஹேண்ட்லர் இல்லாட்டியும் சிக்டெர்ம் வந்தா செத்துடும், ஆனா கண்டெய்னர்ல உங்க பைனரிதான் பிஐடி 1 (முதல் ப்ராசஸ்), பிஐடி 1க்கு ஹேண்ட்லர் இல்லாத சிக்னலை கர்னல் கண்டுக்கவே கண்டுக்காது. அதனால கிரேஸ் பீரியட் (மூடறதுக்குக் குடுக்குற அவகாசம்) 30 செகண்டும் உக்காந்திருந்துட்டு கடைசில சிக்கில். அதான் 137. டோக்கியோ சிக்னல் யுனிக்ஸ் மாட்யூல்ல டெர்மினேட்டுக்கு ஒரு ஸ்ட்ரீம் எடுத்து, கண்ட்ரோல் சியோட சேத்து செலக்ட் மேக்ரோல வைங்க, எது முதல்ல வந்தாலும் ஷட்டவுன் ஆகட்டும்.

ஆனா இது எப்படி சாகுதுங்கற கணக்குதான். ஏன் கொல்றாங்கன்னா லைவ்னெஸ் ஃபெயில். டிஃபால்ட்ல டைம் அவுட் 1 செகண்ட், 10 செகண்டுக்கு ஒரு தடவை தட்டும், தொடர்ந்து 3 தடவை பதில் இல்லன்னா கண்டெய்னரை ரீஸ்டார்ட் பண்ணும். கேள்வி ஒண்ணுதான், ஓகே சொல்ல ஏன் முடியல? லாகின் ஹேண்ட்லர்ல பாஸ்வேர்டை எப்படி சரிபாக்கறீங்க?

லேட்நைட்_டிப்ளாய்:
ஆர்கான்2 (பாஸ்வேர்டு ஹேஷ் அல்காரிதம்) கிரேட், அதாவது ரஸ்ட் லைப்ரரி, டிஃபால்ட் செட்டிங். ஹேண்ட்லர் அசிங்க் ஃபங்ஷன், யூசர் ரோவை டேட்டாபேஸ்ல இருந்து அவெயிட் போட்டு எடுக்கறேன், அடுத்த லைன்ல வெரிஃபை பாஸ்வேர்டு, அப்புறம் டோக்கன் போட்டு அனுப்பறேன். சிம்பிள் ஃபங்ஷன் தான்.

நூல்கண்டு:
மாட்டிக்கிச்சு 😀

கம்பைலர்_திட்டுது:
அந்த அடுத்த லைன் தான் வில்லன். டோக்கியோ கோஆபரேடிவ் ஷெட்யூலர், ஒரு டாஸ்க் அவெயிட்ல போய் நின்னாத்தான் அந்த த்ரெட் அடுத்த டாஸ்க்கை எடுக்கும், நடுவுல வந்து கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளாது. ஆர்கான்2 வெரிஃபைல அவெயிட்டே கிடையாது, சுத்தமான சிபியு வேலை. அது முடியற வரைக்கும் அந்த வொர்க்கர் த்ரெட் வேற யாரையும் பாக்காது.

இப்ப எத்தனை வொர்க்கர் இருக்குன்னு பாருங்க. கண்டெய்னர்ல சிக்ரூப் (லினக்ஸ் கண்டெய்னருக்குப் போடுற) லிமிட்டைப் பாத்துதான் டோக்கியோ எண்ணிக்கையை முடிவு பண்ணும், 500எம்னா ஒரே ஒரு வொர்க்கர். உங்க லேப்டாப்ல எத்தனை கோர்?

லேட்நைட்_டிப்ளாய்:
16 😐

கம்பைலர்_திட்டுது:
அதான் அங்க தெரியல. லேப்டாப்லயே டோக்கியோ வொர்க்கர் த்ரெட்ஸ் என்விரான்மெண்ட் வேரியபிளை 1ன்னு வச்சு, டாக்கர்ல சிபியு 0.5ன்னு குடுத்து, ஓஹா (லோடு டெஸ்ட் டூல்) வச்சு லாகினை அடிச்சுக்கிட்டே இன்னொரு டெர்மினல்ல ஹெல்த்தை கர்ல் பண்ணிப் பாருங்க.

லேட்நைட்_டிப்ளாய்:
பண்ணேன், அப்பட்டமா தெரியுது. சும்மா இருக்கும்போது ஹெல்த் 1 மில்லிசெகண்ட்ல வருது, 60 கனெக்‌ஷன் லாகினை அடிக்க ஆரம்பிச்சதும் 4, 5 செகண்ட் ஆகுது. ஒரு வெரிஃபை மட்டும் தனியா அளந்தேன், லிமிட் இல்லாம 35 மில்லிசெகண்ட் கிட்ட, 0.5 சிபியுல சராசரி அதுக்கு டபுள். அப்போ செகண்டுக்கு 14 லாகின் தான் தாங்கும். 600 பேர் ஒரே நேரத்துல வந்து, ஆப்பும் பதில் வரலன்னு ரீட்ரை பண்ணி, அதுக்குள்ள பாட் செத்து, திரும்ப எழுந்ததும் அதே கூட்டம் வாசல்ல நின்னு... புரியுது புரியுது.

டோக்கியோவோட ஸ்பான் பிளாக்கிங்ல (நேரம் பிடிக்கிற வேலையை வேற த்ரெட்டுக்குத் தள்ளுற ஃபங்ஷன்) போட்டா சரியாகிடுமா?

கம்பைலர்_திட்டுது:
ஆமா, வெரிஃபையை மட்டும் அதுக்குள்ள போடுங்க. ஹேஷையும் பாஸ்வேர்டையும் க்ளோஷருக்குள்ள (அதுக்குக் குடுக்குற பேரில்லாத ஃபங்ஷன்) மூவ் பண்ணணும், ரெஃபரன்ஸ் குடுத்தா ஸ்டாட்டிக் லைஃப்டைம் கேட்டு கம்பைலர் கத்தும்.

கோ_ரசிகன்:
இதுக்குத்தான் கோ மொழி. 1.14ல இருந்து ரன்டைமே கோரூட்டினை (கோவோட குட்டி த்ரெட்) நடுவுல நிறுத்திடும், எந்த அவெயிட்டும் தேவையில்ல. ரஸ்ட்ல எழுதினா ஃபாஸ்ட்னு எல்லாரும் ஓடறீங்க 🙂

நூல்கண்டு:
கோல இந்த ஹெல்த் செக் பிரச்சினை இவ்ளோ மோசமா வந்திருக்காது, ஒத்துக்கறேன். ஆனா 600 பேர் வந்தா ஆர்கான்2 கேக்குற சிபியுவும் மெமரியும் அங்கயும் அதேதான், மொழியை மாத்தினா கணக்கு மாறாது. அதுல இன்னொரு விஷயம் இருக்கு, ஸ்பான் பிளாக்கிங் போட்டுட்டு நிம்மதியா தூங்கிடாதீங்க லேட்நைட் ப்ரோ...

லேட்நைட்_டிப்ளாய்:
லேட்டா சொல்லிட்டீங்க நூல்கண்டு ப்ரோ 😭 ஸ்பான் பிளாக்கிங் போட்டு, சிக்டெர்மும் பிடிச்சு, டெஸ்டிங் கிளஸ்டர்ல விட்டேன். ஹெல்த் ஜம்முனு பதில் சொல்லுது. ஆனா லோடு குடுத்த அடுத்த நிமிஷம் பாட் போயிடுச்சு. இந்த தடவை ரீசன் ஓஓஎம்கில்டு. இப்ப நிஜமாவே மெமரி! முன்னாடி இல்லாத பிரச்சினை இப்ப எங்கருந்து வந்துச்சு?

நூல்கண்டு:
அதைத்தான் சொல்ல வந்தேன். ஆர்கான்2வை வடிவமைச்சதே மெமரியைத் தின்னத்தான், ஜிபியு வச்சு லட்சக்கணக்குல பாஸ்வேர்டை ஊகிச்சுப் பாக்குறவனுக்கு செலவு ஏறணும்னு. அந்த கிரேட்டோட டிஃபால்ட் ஒரு ஹேஷுக்கு 19 எம்ஐ, 2 சுத்து, பேரலலிசம் 1. முன்னாடி ஒரே வொர்க்கர், அதனால ஒரு நேரத்துல ஒரு ஹேஷ், 19 எம்ஐ தான். கிராஃப் 60ல நின்னதுக்கு அதான் காரணம். பிரச்சினைன்னு நீங்க நெனச்ச அந்த நெரிசலே உங்க மெமரியைக் காப்பாத்திட்டு இருந்துச்சு.

இப்ப ஸ்பான் பிளாக்கிங்கோட த்ரெட் பூல் டிஃபால்ட்ல 512 த்ரெட் வரைக்கும் போகும். 512 பெருக்கல் 19, அதாவது 9728 எம்ஐ, கிட்டத்தட்ட பத்து ஜிபி! நீங்க வச்சிருக்கிறது 256. உங்க சர்வீஸ் சும்மா இருக்கும்போது 40ன்னு வச்சுக்கிட்டா, ஒரே நேரத்துல 11 ஹேஷ் ஓடினா 249, பன்னெண்டாவது ஆள் வந்தா கர்னல் கத்தியை எடுத்துடும்.

ஒரு செமஃபோர் (பெர்மிட் வச்சிருக்கிறவங்களை மட்டும் உள்ள விடுற காவல்) வைங்க. ஆப் ஸ்டேட்ல ஆர்க் (பல த்ரெட் பகிர்ந்துக்கற பாயிண்டர்) போட்டு டோக்கியோ செமஃபோர், பெர்மிட் 2 போதும், அரை சிபியு வச்சுக்கிட்டு பத்து ஹேஷை ஒண்ணா ஓட விட்டா எல்லாமே மெதுவாத்தான் ஆகும், சீக்கிரம் முடியாது.

பைப்லைன்_பாண்டி:
செமஃபோர் எதுக்கு, ரன்டைம் பில்டர்ல மேக்ஸ் பிளாக்கிங் த்ரெட்ஸை 2ன்னு குறைச்சா முடிஞ்சுது இல்லையா?

நூல்கண்டு:
முடியும், ஆனா அந்த பூலை நீங்க மட்டும் யூஸ் பண்ணல. டோக்கியோவோட ஃபைல் ஆபரேஷன்ஸ், டிஎன்எஸ் லுக்கப் எல்லாம் அதே பூல்லதான் ஓடுது. லாகின் கூட்டம் அங்க உக்காந்துட்டா, வெளிய ஒரு எஸ்எம்எஸ் ஏபிஐயைக் கூப்பிடுற ரெக்வஸ்ட் டிஎன்எஸ்லயே தொங்கும். அப்புறம் அதுக்கு இங்க தனியா ஒரு போஸ்ட் போடணும்.

செமஃபோர்ல ஒரு இடம் மட்டும் கவனம், நெறைய பேர் வழுக்குற இடம். பெர்மிட்டை ஹேண்ட்லர்ல ஒரு வேரியபிள்ல வச்சுக்கிட்டு ஸ்பான் பிளாக்கிங்கை அவெயிட் பண்ணாதீங்க. டீச்சர் ஆப்பை மூடினாலோ நெட்வொர்க் போனாலோ கனெக்‌ஷன் அறுந்து ஹேண்ட்லர் ஃப்யூச்சர் (ஓடிட்டிருக்கிற அசிங்க் வேலை) டிராப் ஆகிடும், அதோட பெர்மிட்டும் ரிலீஸ் ஆகிடும். ஆனா உள்ள ஓட ஆரம்பிச்ச ஹேஷை யாராலயும் கேன்சல் பண்ண முடியாது, அது பாட்டுக்கு 19 எம்ஐயைப் பிடிச்சுக்கிட்டு ஓடும். செமஃபோர் கணக்குல 2, நிஜத்துல 12. ஆர்க்ல இருந்து அக்வயர் ஓன்ட் போட்டு பெர்மிட்டை எடுத்து, அந்த பெர்மிட்டையே க்ளோஷருக்குள்ள மூவ் பண்ணிடுங்க. ஹேஷ் முடிஞ்சாத்தான் பெர்மிட் விடுபடும். மூவ் போட்டா மட்டும் பத்தாது, உள்ள அதை ஒரு தடவை தொடணும், இல்லன்னா கேப்சர் ஆகாது. முதல் வரில லெட் அண்டர்ஸ்கோர் பெர்மிட்னு பேரு வச்சு எழுதுங்க, வெறும் அண்டர்ஸ்கோர் வேண்டாம்.

அக்வயருக்கு டைம் அவுட்டும் வைங்க, 3 செகண்ட்ல இடம் கிடைக்கலன்னா 503 (இப்ப முடியாதுங்கற பதில்) குடுத்து ரீட்ரை ஆஃப்டர் ஹெட்டரோட அனுப்பிடுங்க.

லேட்நைட்_டிப்ளாய்:
கேக்கணும்னு நெனச்சேன், நோட்ல இருந்தப்ப இது எதுவுமே வரலையே ஏன்? அங்கயும் இதே சைஸ் பாட், இதே 600 பேர், பிகிரிப்ட் ஹேஷ் வச்சிருந்தோம்.

கம்பைலர்_திட்டுது:
நோட்ல பிகிரிப்ட் அசிங்க் கால் லிப்யூவி (நோட்டோட உள் லைப்ரரி) த்ரெட் பூலுக்குப் போகும், அது டிஃபால்ட்ல 4 த்ரெட் தான். நீங்க கேக்காமயே உங்களுக்கு 4 பெர்மிட் செமஃபோர் இருந்துச்சு, ஈவெண்ட் லூப்பும் ஃப்ரீயா இருந்துச்சு. பிகிரிப்ட்டுக்கு ஆர்கான்2 மாதிரி மெமரியும் தேவையில்ல, ஒரு ஹேஷுக்கு சில கேபி.

இன்னொண்ணு, செமஃபோர் பாட்டை சாகாம வைக்கும், ஆனா லாகினை வேகமாக்காது. செகண்டுக்கு 14ன்னா 600 பேர் உள்ள வர 40 செகண்டுக்கு மேல ஆகும், பெரும்பாலான பேருக்கு 503 போகும். சிபியு லிமிட்டை 2 ஆக்குங்க, பெர்மிட்டையும் கூடவே 3, 4 ஆக்குங்க. அதைவிட முக்கியம், எல்லாரும் எதுக்கு தினமும் 9 மணிக்கு பாஸ்வேர்டு போடறாங்க?

லேட்நைட்_டிப்ளாய்:
டோக்கன் 8 மணி நேரத்துல எக்ஸ்பயர் ஆகும், ரிஃப்ரெஷ் டோக்கன் (பாஸ்வேர்டு கேக்காம புது டோக்கன் வாங்குறது) கிடையாது. புரிஞ்சுது அக்கா, திட்டாதீங்க.

லேட்நைட்_டிப்ளாய்:
அப்டேட். சிபியு 2, செமஃபோர் 4, பெர்மிட் க்ளோஷருக்குள்ள, சிக்டெர்ம் ஹேண்ட்லர், எல்லாம் ப்ரொடக்‌ஷன்ல போயாச்சு. இன்னிக்கு காலைல ரீஸ்டார்ட் ஒண்ணுகூட இல்ல, மெமரி உச்சத்துல 120 எம்ஐ. ரோல் அவுட்லயும் பழைய பாட் ரெண்டு செகண்ட்ல கிளம்பிடுது. 503 கொஞ்சம் போச்சு, ஆப் ரீட்ரை பண்ணி உள்ள வந்துட்டாங்க. ரிஃப்ரெஷ் டோக்கன் அடுத்த ஸ்பிரிண்ட்ல.

புதுசா_ரஸ்ட்:
நடுவுல வரேன், மன்னிக்கணும். என்கிட்ட ஃபோட்டோ அப்லோடு ஆனதும் ரீசைஸ் பண்ற சர்வீஸ் இருக்கு, அதுவும் ஹேண்ட்லருக்குள்ளயேதான் ஓடுது. எனக்கும் இதே வைத்தியம் தானா?

நூல்கண்டு:
நோய் அதேதான். ரீசைஸ் மட்டும்தான் வேலைன்னா ரேயான் (சிபியு வேலையைப் பிரிச்சு ஓட்டுற லைப்ரரி) பூல் ஒண்ணு வச்சு ஒன்ஷாட் சேனல்ல (ஒரே ஒரு பதில் அனுப்புற வழி) ரிசல்ட்டை வாங்கிக்கலாம், அதோட த்ரெட் எண்ணிக்கை டிஃபால்ட்லயே கோர் அளவோட நின்னுடும். மெமரி கணக்கு போடும்போது அப்லோடு ஆகுற ஃபைல் சைஸைப் பாக்காதீங்க, பிரிச்சதுக்கு அப்புறம் வர்ற பிக்சல் சைஸைப் பாருங்க. 12 மெகாபிக்சல் ஃபோட்டோ ஜேபெக்கா 3 எம்பி இருக்கும், ஆர்ஜிபிஏவா (பிக்சலுக்கு 4 பைட்) பிரிச்சா 48 எம்பி. உங்க பாட் லிமிட் எவ்ளோ?