8 ஜிபி ரேமில் ரேம் டிஸ்க் போடலாமா? (பழைய புத்தக ஸ்கேன் வேலைக்கு)

பாமணிக்கரை, மன்னார்குடி

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு கம்ப்யூட்டர் விவரம்: ஐ3 4130, எச்81 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம் இரண்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, ஸ்கேன்டெய்லரில் பக்கங்களை நிமிர்த்தி, டெசராக்ட்டில் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை டெக்ஸ்ட்டாக மாற்றுவது) ஓட்டுவதுதான் முக்கிய வேலை. 200 பக்கம் ஏற்றினால் மெஷின் திணறுகிறது. கூடவே பிரவுசரைத் திறந்தால் மவுஸ்கூட நகர்வதில்லை.

ரேமில் 4 ஜிபியை டிரைவாக மாற்றி ஸ்கேன் ஃபைல்களை அதில் வைத்தால் வேகம் கூடுமா? சாஃப்ட்வேரையும் அதிலேயே போடலாமா? பராமரிப்பு நாளில் காலையிலேயே கரண்ட் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சொல்லாமலே போகும். அதற்கு என்ன ஏற்பாடு செய்வது?

அரசலாறு, கும்பகோணம்

4 ஜிபி வேண்டாம். அவ்வளவு ஒதுக்கினால் இப்போது இருப்பதைவிட மெதுவாகும். விண்டோஸ் 10 சும்மா இருக்கும்போதே 2.5 முதல் 3 ஜிபி எடுத்துக்கொள்ளும். பத்து டேப் திறந்த பிரவுசருக்கு இன்னொரு 2 ஜிபி. மிச்சத்தை டிரைவுக்குக் கொடுத்துவிட்டால், ஸ்கேன்டெய்லருக்கு இடம் போதாமல் விண்டோஸ் பேஜ் ஃபைலுக்கு (ரேமில் அடங்காததை வைக்கும் ஃபைல்) போகும். அந்தப் பேஜ் ஃபைல் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். மவுஸ் நகராததற்கு இப்போதே பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி பக்கத்தைத் திறந்து 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' எண்ணை (தேவையானது ரேமில் இல்லாமல் செகண்டுக்கு எத்தனை தடவை டிஸ்க்குக்குப் போனது என்பது) பாருங்கள். வேலை நடக்கும்போது அது நூற்றுக்கணக்கில் நின்றுகொண்டே இருந்தால் ரேம் போதவில்லை என்று பொருள்.

ஹார்ட் டிஸ்க் ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதற்குச் சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிசெகண்ட். தேவையான இடம் டிஸ்க்கைப் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, 4.17 மில்லிசெகண்ட். தலை நகர இன்னும் எட்டு, ஒன்பது மில்லிசெகண்ட். ஆகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை செகண்டுக்கு 80 தடவைதான் எடுக்க முடியும். சுழலும் தட்டு இல்லாத சாதாரண சாட்டா எஸ்எஸ்டி இதையே ஆயிரக்கணக்கில் செய்யும். ரேம் அதையும் தாண்டும், ஆனால் அந்தக் கூடுதல் வேகம் பெரும்பாலான வீட்டு வேலைகளில் தெரியாது. பெரிய பள்ளம் ஹார்ட் டிஸ்க்குக்கும் எஸ்எஸ்டிக்கும் நடுவில்தான் இருக்கிறது.

சாஃப்ட்வேரை ரேம் டிரைவில் போடுவதில் லாபமே இல்லை. ஒருமுறை படித்த ஃபைலை விண்டோஸ் காலி ரேமில் தானாகவே வைத்துக்கொள்ளும். இரண்டாம் முறை திறக்கும்போது அது அங்கிருந்துதான் வரும். ஆனால் அந்தக் கேச் வேறு தேவை வந்தால் உடனே இடம் விட்டுக் கொடுத்துவிடும். ரேம் டிரைவில் இருக்கும் ஃபைல் விட்டுக் கொடுக்காது.

அதனால் முதல் செலவு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிக்கு. எச்81 சிப்செட்டில் சாட்டா போர்ட் நான்கில் இரண்டுதான் 6 கிகாபிட், மற்ற இரண்டும் 3 கிகாபிட். மதர்போர்டில் எண் அச்சிட்டிருக்கும், பார்த்துச் செருகுங்கள். அடுத்து ரேம். இந்த சிப்செட் இரண்டு ஸ்லாட்டில் மொத்தம் 16 ஜிபி வரை ஏற்கும். ரேம் டிஸ்க் பேச்சு அதற்குப் பிறகு.

வெட்டாறு, நாகப்பட்டினம்

ரேம் வாங்கப் போறப்ப ஒண்ணு கவனிங்கண்ணே. 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்குல 'ஏஎம்டி மட்டும்'னு போட்டு விலை குறைச்சு விப்பாங்க. அதுல இருக்கிற சிப் அமைப்பு வேற, இன்டெல் போர்டுல ஓடாது. வாங்கிறாதீங்க. 1.5 வோல்ட், 1.35 வோல்ட் ரெண்டையும் உங்க ஐ3 ஏத்துக்கும். பழைய 4 ஜிபி ஒண்ணை வெச்சுக்கிட்டு 8 ஜிபி ஒண்ணு மட்டும் போட்டாலும் 12 ஜிபியா ஓடும். முதல் 8 ஜிபி ரெட்டைச் சேனல்ல (ரெண்டு ஸ்டிக்கும் சேர்ந்து வேலை செய்றது), மிச்சம் ஒத்தைச் சேனல்ல. பெருசா குறை தெரியாது.

கழட்டின கையோட பழைய ஸ்டிக்கோட தங்கப் பட்டையைப் பாருங்க. எங்க கடற்கரைப் பக்கம் உப்புக் காத்துல அது மங்கிப் போயிரும். பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுல தொட்டுத் துடைச்சு, நல்லா காய்ஞ்சப்புறம் மாட்டுங்க. மாட்டினதும் மெம்டெஸ்ட்86+ங்கிற ரேம் சோதனை புரோகிராமை ஒரு முழுச் சுற்றாவது ஓட விடுங்க. ரேம் டிரைவ் வைக்கப் போறவங்களுக்கு இது கட்டாயம். ஒரு பிட் புரண்டாலும் உங்க பக்கம் சத்தமில்லாம கெட்டுப் போகும், எச்சரிக்கை எதுவும் வராது.

எஸ்எஸ்டி, ரேம் ரெண்டும் வந்தப்புறம் விண்டோஸ்ல இப்படிச் செய்யுங்க. ரேம் டிரைவ் உருவாக்குற இம்டிஸ்க் டூல்கிட் போடுங்க, இலவசம்தான். ரேம்டிஸ்க் கான்ஃபிகரேஷனைத் திறந்து அளவு 3 ஜிபி, டிரைவ் எழுத்து ஆர், ஃபைல் சிஸ்டம் என்டிஎஃப்எஸ். மெமரியைத் தேவைக்கேத்தபடி எடுத்துக்கிற டைனமிக் டிக்கைப் போட்டா காலியா இருக்கிறப்ப 3 ஜிபியையும் பிடிச்சு வெச்சுக்காது. விண்டோஸோட சேர்ந்து கிளம்புற டிக்கும் வேணும். கன்ட்ரோல் பேனல்ல பவர் பட்டன் செட்டிங்குல போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைச்சிடுங்க. அது இருந்தா ஷட்டவுன் முழு ஷட்டவுனா நடக்காது, டிரைவ் ஏத்துறது, சேமிக்கிறது எல்லாம் குழம்பும்.

விண்டோஸோட டெம்ப் ஃபோல்டரை இதுக்கு மாத்தச் சொல்லி நிறைய பேர் எழுதுவாங்க. மாத்தாதீங்க. சில இன்ஸ்டாலர் பாதி வேலை முடிச்சு ரீஸ்டார்ட் கேட்கும், மிச்ச ஃபைலை டெம்ப்லதான் வெச்சிருக்கும். ரீஸ்டார்ட் ஆனா அது காணாம போயிரும். பெரிய ஜிப் பிரிக்கிறப்ப 'இடமில்லை'ன்னு நிக்கிறதும் டெம்ப் இந்தச் சின்ன டிரைவ்ல இருந்தாத்தான். ஸ்கேன்டெய்லர் அவுட்புட் ஃபோல்டர், பிரவுசர் கேச், இது ரெண்டு போதும். பேஜ் ஃபைலை ரேம் டிரைவ்ல வைக்கிறதுக்கு அர்த்தமே இல்லை: ரேம் பத்தலைன்னுதான் அது இருக்கு.

பாமணிக்கரை, மன்னார்குடி

இருவருக்கும் மிக்க நன்றி. டாஸ்க் மேனேஜரில் பார்த்தேன். ஸ்கேன்டெய்லர் அவுட்புட் எழுதும்போது டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது. டெசராக்ட் ஓடும்போது டிஸ்க் 3, 4 சதவீதம்தான், ஆனால் சிபியு 100. அவுட்புட்டுக்கு 3 ஜிபி போதுமா?

குடமுருட்டி, பாபநாசம்

நல்ல அளவீடு. டெசராக்ட்டுக்கு ரேம் டிஸ்க் உதவாது என்பதை அதுவே காட்டிவிட்டது. ஒரு பக்கத்தை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படிக்கச் செகண்டில் பத்தில் ஒரு பங்கு. எழுத்துகளை அடையாளம் காணப் பல செகண்ட். அங்கே வேறு வழி இருக்கிறது. டெசராக்ட் ஒரே பக்கத்துக்குப் பல த்ரெட்டை (சிபியுவில் ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) போட்டுத் தன் நேரத்தைத்தானே விழுங்கும். 'ஓஎம்பி த்ரெட் லிமிட்' (OMP_THREAD_LIMIT) என்ற என்விரான்மென்ட் வேரியபிளுக்கு 1 என்று மதிப்பு கொடுத்து, தனித்தனிப் பக்கங்களாக மூன்றை ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். உங்கள் ஐ3-இல் இரண்டு கோர், நான்கு த்ரெட். மூன்று போக ஒன்று உங்கள் கைக்கு மிஞ்சும்.

அளவுக் கணக்கு: ஏ4 பக்கம் 300 டிபிஐயில் 2480 × 3508 புள்ளி. அழுத்தாத கிரேஸ்கேலில் 8.7 எம்பி, கலரில் 26 எம்பி. 200 பக்கம் கிரேஸ்கேலில் 1.74 ஜிபி, 3 ஜிபிக்குள் அடங்கும். கலரில் 5.2 ஜிபி, அடங்காது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகங்களில் ணை, லை, னை எல்லாம் கொம்பு சுழித்து வரும். அச்சும் தேய்ந்திருக்கும். அதற்காக 400 டிபிஐக்குப் போனால் கிரேஸ்கேலே 3.1 ஜிபி ஆகிவிடும். அப்போது நூறு நூறு பக்கமாகப் பிரித்துச் செய்யுங்கள். அவுட்புட்டைக் கறுப்பு வெள்ளையாக வைத்தால் இந்தக் கவலையே இல்லை, ஒரு புள்ளிக்கு ஒரு பிட், 300 டிபிஐயில் பக்கத்துக்கு 1.1 எம்பிதான்.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. இந்த ஐ3, விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. லினக்ஸுக்கு மாறினால் ரேம் டிஸ்க்குக்கு எதையும் நிறுவ வேண்டியதில்லை. 'டெவ்' ஃபோல்டருக்குள் 'எஸ்எச்எம்' என்று ஒன்று ஏற்கெனவே இருக்கும், அது ரேம்தான். மொத்த ரேமில் பாதி வரை எழுதலாம். எழுதிய அளவுக்கு மட்டுமே இடம் பிடிக்கும், ஃபைலை அழித்தால் திரும்பிவிடும். ராம்எஃப்எஸ் என்று இன்னொரு வகையும் உண்டு. அதன் பக்கம் போகாதீர்கள். அதற்கு அளவு வரம்பு இல்லை, ஸ்வாப்புக்கும் (லினக்ஸின் பேஜ் ஃபைல்) போகாது, நிரம்பினால் மெஷின் உறைந்துவிடும்.

அரசலாறு, கும்பகோணம்

கரண்ட் விஷயத்தை யாரும் முழுதாகச் சொல்லவில்லை. வீட்டு இன்வர்ட்டரில் பின்பக்கம் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் அதிகம், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஒரு நொடி ரீஸ்டார்ட் ஆனாலும் ரேம் டிரைவ் காலிதான். மூல ஸ்கேன்களை எப்போதும் டிஸ்க்கிலேயே வையுங்கள். திரும்ப உருவாக்கக்கூடிய அவுட்புட் மட்டும் ரேமில் இருக்கட்டும். ஸ்கேன்டெய்லரின் புராஜெக்ட் ஃபைலும் டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும். நீங்கள் கையால் செய்த திருத்தம் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவுட்புட்டை டிஸ்க்குக்கு நகலெடுக்க டாஸ்க் ஷெட்யூலரில் ரோபோகாப்பியை (விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளை) போடுவார்கள். அதில் 'மிர்' ஆப்ஷனை மட்டும் சேர்க்காதீர்கள். அது மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும். கரண்ட் போய் வந்ததும் காலி ரேம் டிரைவ் ஏறும், ஐந்தாவது நிமிடம் உங்கள் பேக்கப்பும் காலியாகிவிடும். 'இ' (உள் ஃபோல்டர்களும் சேரும்), 'எக்ஸ்ஓ' (பழைய ஃபைல் புதியதன் மேல் விழாது) இரண்டும் போதும். லினக்ஸில் இதே வேலைக்கு ஆர்சிங்க் என்றால் 'டெலீட்' இல்லாமல் ஓட்டுங்கள்.