சுரங்கத்தை மூடினால் பாதிப்பும் முடிந்துவிடுமா?

செங்கதிர்:
"சுரங்கமே வேண்டாம்" என்று வரிசையாக எழுதுகிறீர்கள். நான் சுரங்கப் பொறியியல் படித்து அதிலேயே வேலை பார்ப்பவன். மின்கம்பிக்குச் செம்பு, காற்றாலைக்கு இரும்பு, பேட்டரிக்கு லித்தியம் வேண்டும். நிலக்கரியை விட்டொழித்தாலும் தோண்டித்தான் ஆக வேண்டும். தூசி கிளம்பாமல் தண்ணீர் பீய்ச்சி, காற்றோட்டம் கொடுத்து, கழிவுநீரைச் சுத்திகரித்தால் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தும்பை:
வழி தெரிந்தும் செய்யவில்லையே ஐயா, அதுதான் வயிற்றெரிச்சல். 1965 நிலநடுக்கத்தில் சிலியின் எல் கோப்ரே சுரங்கத்தில், தாதுக் கழிவுச் சேற்றைத் தேக்கிவைத்த அணைகள் உடைந்து 200 பேருக்கு மேல் சேற்றில் புதைந்தார்கள். கழிவுச் சேற்றின் மேலேயே அடுத்தடுத்த கரையை எழுப்பும் முறையை 1970-இலேயே சிலி தடை செய்துவிட்டது. பிரேசில் தடை செய்தது 2019-இல். அதுவும் புருமாடின்யோவில் அதே முறையில் கட்டிய அணை உடைந்து 270 பேர் செத்த பிறகு! அணைக்குக் கீழேயே தொழிலாளர் உணவுக்கூடம், உடைந்தது மதியச் சாப்பாட்டு வேளை. முந்தைய ஆண்டுதான் அந்த அணை உறுதியாக இருப்பதாகச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள்.

செங்கதிர்:
அந்தச் சான்றிதழை நானும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அதை வைத்து மொத்தத் தொழிலையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். சுரங்கம் நின்ற ஊரில் வருமானம், பள்ளி, மருத்துவமனை எல்லாமே படுத்துவிடுகின்றன. அந்தக் குடும்பங்களின் உடல்நலத்தைப் பற்றி இங்கே ஒருவரும் பேசவில்லை.

கார்முகில்:
உடல்நலம் பற்றி நான் பேசுகிறேன். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். படுத்தால் மூச்சு முட்டும், சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். வேலையை விட்டாலும் நுரையீரலில் படிந்த தூசி போகாது, தழும்பு பரவிக்கொண்டே இருக்கும். தண்ணீர் பீய்ச்சினால் போதும் என்கிறீர்கள். அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைப்பகுதியில் அந்த வசதிகளெல்லாம் இருக்கின்றன. அங்கேயே, 1990-களில் ஏறக்குறைய ஒழிந்துவிட்ட கடும் கருநுரையீரல் நோய் (சுரங்கத் தூசியால் நுரையீரல் தழும்பாகும் இதே நோய்தான்) திரும்ப வந்திருக்கிறது, இளம் வயதுக்காரர்களுக்கும்கூட. தடித்த நிலக்கரி அடுக்குகள் தீர்ந்துபோய், மெல்லிய அடுக்குக்காகச் சுற்றியுள்ள பாறையையும் சேர்த்து வெட்டுகிறார்கள். அந்தப் பாறையிலிருந்து கிளம்பும் சிலிக்கா என்ற கனிமத்தின் தூசி நிலக்கரித் தூசியைவிடக் கொடியது. 2024-இல் அந்நாட்டு அரசு, சுரங்கக் காற்றில் சிலிக்கா இருக்கலாம் என்ற வரம்பைப் பாதியாக்கி, கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று விதி போட்டார்கள். தொழில்தரப்பு நீதிமன்றம் போனது, நிலக்கரிச் சுரங்கங்களில் அமலாக்கம் தள்ளிப்போய்விட்டது.

தும்பை:
மூடிய சுரங்கத்துக்கும் இதே கதைதான். கலிபோர்னியாவின் அயன் மவுண்டன் 1963-இல் மூடப்பட்டது. உள்ளே இருக்கும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமத்தில் காற்றும் நீரும் படப் படக் கந்தக அமிலம் உருவாகிறது. அமிலம் கூடக் கூடக் குறைவது பிஹெச் அளவு, சுத்தமான நீருக்கு அது 7. அங்கே எடுத்த நீரில் அது மைனஸ் 3.6 வரை போயிருக்கிறது. சுத்திகரிப்பு நிலையம் இன்னும் ஓடுகிறது. லாபம் பார்த்த தலைமுறை போய்விட்டது, செலவு மட்டும் நிற்கிறது. மூடும் செலவைத் தோண்டும் முன்பே கட்டச் சொல்லுங்கள்.

செங்கதிர்:
பல நாடுகளில் வைப்புத்தொகை வாங்குகிறார்களே. போதாதென்றால் கூட்டுங்கள், எதிர்க்க மாட்டேன். ஆனால் நூற்றாண்டுக் கணக்கிலான செலவை முன்பணமாகக் கேட்டால் ஒரு செம்புச் சுரங்கமும் தொடங்காது. செம்பில்லாமல் நிலக்கரியை எப்படி விடுவீர்கள்?

கார்முகில்:
செம்புக்கு அது சரி. புதிய நிலக்கரிச் சுரங்கத்துக்கு அதே வாதத்தைக் கொண்டுவராதீர்கள். செம்புச் சுரங்கத்திலும், வேலை விட்டுப் போனவரின் மார்பு எக்ஸ்ரே செலவை அவர் ஆயுள் முழுக்க நிறுவனமே ஏற்கட்டும். இதற்காவது சம்மதமா?